அநாதைக் கம்பி

அந்தச் சலவைக்கடையில் துணி தொங்கவிட மூன்று கம்பிகள் உண்டு. வாசலோரம் இருப்பது இன்றைக்கு வாங்கிப் போகிறவர்களுக்கு. நடுவில் இருப்பது நாளைக்கும் நாளை மறுநாளைக்கும். கொதிகலனுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத சுவரோரத்தில் இன்னொன்று. கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களின் துணி கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். கடையில் அதற்கு அநாதைக் கம்பி என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால் எல்லோரும் பொத்தானக்காவைக் கைகாட்டுவார்கள். அவள் துவைக்கிற மெஷின்காரனைக் கைகாட்டுவாள்.

பொத்தானக்காவுக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும், உடனே உள்ளே போய்விடும். துவைத்து வந்த சட்டையில் பொத்தான் போயிருந்தால் தன் தகரப் பெட்டியைக் கிளறி அதே நிறத்தில், அதே அளவில் ஒன்றைத் தேடித் தைப்பது அவள் வேலை. பிரிந்த ஓரத்தை மூட்டுவாள், கிழிந்த லைனிங்கை ஒட்டுவாள், கூட்டம் அதிகமானால் இஸ்திரி மேஜையிலும் நிற்பாள். எத்தனையோ வருஷ நீராவி பட்டுப்பட்டு அவள் முகம் எப்போதும் இப்போதுதான் கழுவின மாதிரி இருக்கும். சிரித்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் சிரிக்க எதிரில் ஆள் வேண்டுமே.

கடை முதலாளி கஞ்சன்தான், ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா. 'டோக்கன் இருந்தால் துணி இருக்கும்' என்று வாசல் பலகையில் அவருடைய அப்பா எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மகன் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்ததே இல்லை, ஆனால் அந்த வாக்கை மட்டும் காப்பாற்றி வந்தார். அநாதைக் கம்பியைக் காலி செய்துவிட்டு அங்கே இன்னொரு மெஷின் போடலாம் என்று மனைவி நச்சரித்தபோதெல்லாம், "நாளைக்கு வந்து நின்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது" என்பார். அப்படி யாரும் வந்ததில்லை. கல்யாணக் கோட்டு, பள்ளிக்கூடச் சீருடை, யாரோ ஒருத்தியின் பச்சை வெல்வெட் பாவாடை என்று எல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு வரிசையாகத் தொங்கின. அந்தப் பிள்ளை இந்நேரம் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான், சீருடை மட்டும் வளராமல் நின்றுவிட்டது.

அந்தக் கம்பியின் கோடியில் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று இருந்தது. நல்ல கனமான துணி. உள்ளே கருநீலச் சாட்டின் லைனிங். பொத்தானக்காவுக்கு அதன் மேல் ஒரு பிரியம். மாசத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காட்டுவாள், பிரஷ் போடுவாள், பையில் அந்துருண்டை மாற்றுவாள். அக்கா கவனித்துக்கொள்கிற ஒரே ஆம்பளை அதுதான் என்று மெஷின்காரன் கிண்டல் செய்வான். போடா வேலையைப் பாரு என்பாள். ஆனால் அடுத்த மாசமும் பிரஷ் போடுவாள்.

பொத்தானக்காவிடம் பணம் இருந்தது. நிறைய என்று சொல்ல முடியாது, ஆனால் அவளுக்கு அது நிறைய. அந்தப் பணம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்ததெல்லாம் ஒரு கஞ்சப் பெண்ணின் பதற்றம் மாதிரித் தோன்றிவிடும். ஒருமுறை, வழக்கமாகப் போகிற ஆள் வராததால், ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லத்துக்குத் துவைத்த திரைச்சீலைகளைக் கொடுக்க அவள் போனாள். மாடியில் ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் தட்டு அடுக்கிக்கொண்டு போன ஆயா, நிற்கக்கூட இல்லை, போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். கிழவி பதில்கூடச் சொல்லவில்லை, அலுப்பாகக் கையை ஆட்டினாள். தினமும் கேட்டுச் சலித்த கேள்வி போலிருக்கிறது.

பொத்தானக்கா திரைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அம்மா போனதிலிருந்து அவளை அப்படிக் கேட்க ஆள் இல்லை. தம்பி இருந்தான், வேறு ஊரில். அவன் போனில் கேட்பது வேறு மாதிரி, எவ்வளவு சேர்ந்திருக்கு என்று. அன்றைக்கே இல்லத்து ஆபீஸில் விசாரித்தாள். முன்பணம் ஒரு பெரிய தொகை. கட்டிவிட்டால் ஆயுசுக்கும் அறை அவளுடையது. அவ்வளவு பணத்தை அந்த ஒரு கேள்விக்காக அவள் சேர்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் போகாமல் நடந்தாள். மற்றவர்கள் ஒரு ரொட்டி வாங்கினால் அவள் அரை ரொட்டி வாங்கினாள். தொகை சேர்ந்தும் அறை காலியாகவில்லை. அங்கே ஒருத்தர் போனால்தான் இன்னொருத்தர் வர முடியும். அறை காலியாகாமல் முன்பணமும் வாங்க மாட்டார்கள். யாரோ சாகக் காத்திருக்கிறோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

வங்கி ஆடுகிறது என்று முதலில் அவள் காதில் போட்டது தெருமுனை ரொட்டிக்கடைக்காரி. ஊரில் எல்லோரும் ரொட்டி வாங்குவதால் ஊர்ச் செய்தியெல்லாம் அவளிடம்தான் சூடாகக் கிடைக்கும். பொத்தானக்கா நம்பவில்லை. பிறகு கவலைப்பட ஒன்றுமில்லை என்று ரேடியோவில் காலையும் மாலையும் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம்தான் அவள் நம்பினாள். ஒன்றுமில்லாததை யாராவது இத்தனை தடவை சொல்வார்களா?

மறுநாளே போய் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். கவுண்டரில் இருந்தவன் சிரித்தான், உங்களை மாதிரி ஆட்களால்தான் வதந்தி கிளம்புகிறது என்றான். அவள் பணத்தை எண்ணித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே அந்த வங்கி கதவைப் பாதி இறக்கிவிட்டது. ஆளுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று அளந்து கொடுத்தார்கள். வரிசை தெருவைச் சுற்றி வளைந்து மருந்துக்கடை வரைக்கும் நின்றது. வேலைக்குப் போகும் வழியில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். தப்பித்தோம் என்று ஒரு சந்தோஷம். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. இந்த நேரத்தில் சொல்லவும் கூடாது.

சந்தோஷம் அறை வாசல் வரைக்கும்தான். அவள் குடியிருந்த மாடி அறைக்குக் கீழ்வீட்டுக்காரியிடம் இன்னொரு சாவி இருந்தது. தண்ணீர்க் குழாயைப் பார்க்கிறேன், ஒட்டடையைப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்தபோது ஏறி வருவாள். பொத்தானக்கா பணத்தை மாவு டப்பாவில் வைத்தாள். டப்பா அவளையே பார்ப்பது போலிருந்தது. தலையணைக்குள் வைத்தாள், தூக்கம் போயிற்று. பின்தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள், வங்கியிலிருந்து எடுத்து வந்ததைக் கண்காணித்திருக்கிறார்கள் என்று ரொட்டிக்கடைக்காரி சொன்ன அன்று, ஒரு டாக்டருடைய வெள்ளைச் சட்டையில் நீலப் பொத்தானைத் தைத்து வைத்தாள் பொத்தானக்கா. அப்படி ஒரு தப்பு அவள் கையிலிருந்து வந்ததே இல்லை. முதலாளி சட்டையைத் தூக்கிப் பிடித்து, "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தபோது அநாதைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்திலேயே யாரும் கைவைக்காத இடம் அது. இரும்புக் கதவு, தெருவுக்குக் காவல்காரன், முதலாளியின் வாக்கு. ஆள் வராது என்பது வருஷக்கணக்கில் பார்த்து ருசுவான விஷயம். வங்கிக்காரன் சொன்னதை நம்ப முடியாது, ரேடியோவை நம்ப முடியாது. இந்தக் கோட்டை வாங்க யாரும் வர மாட்டார்கள் என்பதை நம்பலாம். வேறு தொழில் பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. சலவைக்கடையில் காலந்தள்ளின ஒருத்திக்குத்தான் வரும்.

மறுநாள் பணத்தைக் கொண்டு வந்தாள். சாட்டின் லைனிங்கின் அடியோரத்தைப் பிரித்து, நோட்டுகளை முதுகுப்புறம் முழுக்கப் பரப்பி, புடைப்புத் தெரியாமல் அங்கங்கே ஒரு தையல் போட்டு நிறுத்தினாள். பிறகு ஓரத்தை மூடினாள். வெளியே நூல் தெரியாத தையல் அது. மேலே இஸ்திரி வைத்து நீராவி விட்டபோது கோட்டு முன்னைவிட எடுப்பாக நின்றது. தோளைத் தட்டி மாட்டிவிட்டு வந்து பொத்தான் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். அன்று ராத்திரி கல்லு மாதிரித் தூங்கினாள்.

குளிர் அந்த வருஷம் சீக்கிரமே வந்தது. விலைவாசி அதற்கும் முன்னால் வந்துவிட்டது. காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. ரொட்டிக்கடைக்காரி விலைப் பலகையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள், அழித்து அழித்து எழுதக் கை வலிக்கிறதாம். புதுக் கோட்டு, புதுப் போர்வை எல்லாம் கண்ணால் மட்டும் பார்க்கிற சாமான்கள் ஆகிவிட்டன. அப்போதுதான் ஜனங்கள் பழைய பர்ஸ்களை, மேஜை இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே இருந்தன சலவைக்கடை டோக்கன்கள்.

முதலில் கல்யாணக் கோட்டுக்காரன் வந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். விற்றால் ஏதாவது வருமா என்று பார்க்கத்தான் என்று தானாகவே சொன்னான். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்து, பழைய கூலியையே வாங்கிக்கொண்டு கொடுத்தார். செய்தி பரவியது. பச்சை வெல்வெட் போயிற்று. சீருடைகூடப் போயிற்று, அண்ணன் போட்டதைத் தம்பி மகனுக்குக் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு முறை வாசல் மணி அடிக்கும்போதும் பொத்தானக்கா ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். எடுத்து எங்கே வைப்பது என்ற இடத்தில் வந்து நின்றுவிடுவாள். இது வராது, இத்தனை வருஷம் வராதது இனியா வரப்போகிறது என்று கோட்டைத் தடவிக் கொடுப்பாள்.

அப்படி ஒரு நாள் காலையில் இல்லத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. மாடி அறை காலியாகியிருக்கிறது. யார் போனது என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நாளை ஆபீஸ் மூடுவதற்குள் பணத்தைக் கட்டினால் பழைய தொகை. அதற்கப்புறம் தொகையும் வேறு, ஆளும் வேறு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டமும் நடையுமாக இல்லத்துக்குப் போய்ப் பெயரை உறுதிப்படுத்திக்கொண்டு, அந்த அறையை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

அவள் திரும்பி வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றார்.

"பொத்தானம்மா, இன்னிக்கு வந்தது பாரு, அதுதான் ரெக்கார்டு. நம்ம கடையிலேயே பழைய டோக்கன். எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு, நம்பர் மட்டும் தெரியுது. அந்தச் சாம்பல் கோட்டு. எடுத்துக் குடுத்ததும் பெரியவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கோட்டு புதுசு மாதிரி இருக்குன்னாரு. எங்க கடையில அப்படித்தான்னு சொன்னேன்."

பொத்தானக்கா உள்ளே ஓடி அநாதைக் கம்பியின் கோடியைப் பார்த்துவிட்டு வந்தாள். யார், எந்தத் தெரு என்று கேட்டாள். அதெல்லாம் யார் கேட்டார்கள், டோக்கன் கொடுத்தார், துணி கொடுத்தேன் என்றார் முதலாளி. உள்ளதைச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் துணிக்குள் தன் பணத்தை வைத்துத் தைத்தேன் என்று சொன்னால் அந்த நிமிஷமே வேலை போகும். எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டாள். ஒல்லியாக, குனிந்து, கையில் ஒரு சின்ன ரொட்டிப் பை என்றார். அது போதும் என்று தெருமுனைக்கு ஓடினாள். மாவு தீர்ந்துவிட்டதென்று ரொட்டிக்கடை மூடிக் கிடந்தது. இருட்டும் வரை தெருத்தெருவாக நடந்து சாம்பல் கோட்டுப் போட்ட ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். இரண்டு பேர் முறைத்தார்கள். ஒருத்தன் சிரித்தான்.

விடிந்ததும் ரொட்டிக்கடைக் கதவு திறப்பதற்கு முன்னால் அங்கே நின்றாள். ஒல்லியான பெரியவர், குனிந்து நடப்பார் என்று ஆரம்பித்ததுமே ரொட்டிக்கடைக்காரி, "அட, நம்ம அரை ரொட்டிக்காரரு" என்றாள்.

"யாரக்கா அது?"

"உனக்குத் தெரியாதா? தினம் சாயங்காலம் உனக்கு ரொட்டிய ரெண்டா வெட்டித் தர்றேன்ல, மத்த பாதி யாருக்குப் போகுதுன்னு நெனச்ச? அவருக்குத்தான். எத்தனை வருஷமா ரெண்டு பேரும் ஒரே ரொட்டியத் தின்னுக்கிட்டு இருக்கீங்க. நீ போனப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு வருவாரு. நேத்து மட்டும் மாவு தீரப்போகுதுன்னு முன்னாடியே வந்துட்டாரு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, பொத்தானக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால பழைய மாடி வீடு. மேல் மாடி. எதுக்கு, ஏதாவது வரனா?"

பொத்தானக்கா அதற்குள் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

படி குறுகல், கைப்பிடி ஆடியது. கதவைத் திறந்தவர் வீட்டுக்குள்ளேயே கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. எரிக்கக் கட்டுப்படியாகவில்லை போலும். சலவைக்கடையிலிருந்து வருகிறேன், தையல் வேலை என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே வரச் சொன்னார். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியின் மேல் துணியும் பழைய பேப்பரும் குவிந்திருந்தன. அதில் யாரும் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. அவற்றையெல்லாம் வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு அவளை உட்கார வைத்தார்.

மேஜை மேல் அவள் பணம் இருந்தது. அடுக்கி, மேலே ஒரு தண்ணீர் டம்ளரை வைத்திருந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை என்று அடுக்கின் உயரத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இதை எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் கோட்ட என் வீட்டுக்காரிதான் உங்க கடையில போட்டா. போட்ட வாரமே படுத்துட்டா. படுக்கையில இருந்துக்கிட்டு ஒரே பேச்சு. குளிர் வருது, கோட்ட வாங்கிட்டு வந்துடுங்க, வாங்கிட்டு வந்துடுங்கன்னு. நான் போகல. ஆஸ்பத்திரி, மருந்துன்னு அலைஞ்சேன், அதுல ஒரு கோட்டு எங்க ஞாபகம் இருக்கு. கடைசி நாள்கூட அதத்தான் கேட்டா. வாங்கிட்டீங்களான்னா. வாங்கிட்டேன்னு பொய் சொன்னேன்."

பொத்தானக்கா தலையை ஆட்டினாள்.

"அப்புறம் அந்தப் பக்கம் போகவே பிடிக்கல. ரொட்டி வாங்க வந்தாலும் எதிர் ஓரமா நடந்துடுவேன், உங்க கடை போர்டு கண்ணுல படக் கூடாதுன்னு. இந்த வருஷம் குளிர் தாங்கல. பென்ஷன் பணத்துக்கு இப்ப கரிகூட வாங்க முடியாது. சரின்னு டோக்கனத் தேடி எடுத்துக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக்கிட்டா முதுகுல சரசரன்னு ஒரு சத்தம். பிரிச்சுப் பார்த்தா இவ்வளவு பணம்." டம்ளரை லேசாக நகர்த்தினார். "அவ வெச்சிருக்காம்மா. எனக்குத் தெரியாம சேர்த்து உள்ள வெச்சுத் தெச்சிருக்கா. அதான் கோட்டு கோட்டுன்னு கேட்டிருக்கா. இத்தனை வருஷம் எனக்குப் புரியல. ராத்திரி பூரா அவகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். தையலப் பாருங்க, எவ்வளவு நறுவிசு."

கோட்டின் ஓரத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் தையல். அவள் முடிச்சு. அதை அவள் பார்த்தாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். ஐயா இது என் பணம் என்று நாலே வார்த்தை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆபீஸில் கட்ட வேண்டும், ஜன்னல் திறந்திருக்கிறது, படுக்கை சுருட்டியிருக்கிறது. ஆனால் இதைச் சொன்னால் இந்த மனிதருடைய பெண்டாட்டி இன்னொரு முறை செத்துப் போவாள், இந்த முறை பொத்தானக்காவின் கையால். அப்படியானால் அந்த அறை? பணத்தின் மேல் ஆசை, இவர் மேல் இரக்கம், இரண்டுக்கும் நடுவில் தன் மேலேயே ஒரு வெறுப்பு. எந்த மடச்சி யாரோ ஒருவன் கோட்டில் தன் ஆயுசைக் கொண்டுபோய் வைப்பாள்?

"நல்ல தையல்தான்" என்றாள். எழுந்தாள். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டினாள். அப்புறம் எப்போது, எதற்கு என்று அவளுக்கே தெரியாது. முதல் படியில் காலை வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா. உங்க பணத்த எடுத்துட்டுப் போங்க."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

அவர் கதவருகே வந்து நின்றார். அவளை நேராகப் பார்க்காமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார்.

"நோட்டோட கலர் மாறினது போன வருஷம்தானே? இதெல்லாம் புது நோட்டு. அவ போய் எத்தனையோ வருஷமாச்சு. புது நோட்ட அவ கண்ணாலகூடப் பார்த்ததில்ல. நேத்து பிரிச்சப்பவே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்யா..."

"சொல்லிப் பார்த்தேன். ஒரு ஆள் முன்னாடி சத்தமா சொன்னா நெஜமாயிடுமோன்னு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கடையில குடுத்துடலாம்னுதான் இருந்தேன். உங்க முதலாளி மூஞ்சிய நெனச்சா குடுக்கத் தோணல. தெச்சவங்க எப்படியும் தேடி வருவாங்கன்னு இருந்தேன். நீங்க ஒண்ணும் கேக்காம எழுந்து போறீங்க பாருங்க, அது எனக்குத் தாங்கல. எடுத்துக்கங்க."

பொத்தானக்கா அழுதாள். சின்ன அழுகைதான், மூக்கைத் துடைத்துக்கொண்டதும் நின்றுவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வங்கியைச் சொன்னாள், மாவு டப்பாவைச் சொன்னாள், இல்லத்து அறையைச் சொன்னாள். எதற்காக அந்த அறை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாசாமாசம் கோட்டுக்குப் பிரஷ் போட்டதைச் சொன்னபோது அவர், அதான் புதுசு மாதிரி இருந்ததா என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

பணத்தைப் பையில் போட்டுக் கட்டிய பிறகு, பிரிந்த லைனிங்கை இப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. கழற்றிக் கொடுங்கள் என்றாள். ஊசியும் நூலும் அவள் பையில் எப்போதும் இருக்கும். மடியில் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். கோட்டு இல்லாமல் அவர் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் முடிகிற இடத்துக்கு வந்தபோது, "ஒரு நிமிஷம்" என்றார்.

பர்ஸைத் திறந்தார். உள்ளறையிலிருந்து மடித்த ஒரு நோட்டை எடுத்து விரித்தார். பழைய நிறம். மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடு முடிந்து எத்தனையோ மாசமாகிறது, எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

"கடைசியா அவ மருந்து வாங்கக் குடுத்தது. மீதி வந்தது இது. மாத்த மனசு வரல. இத உள்ள வெச்சுத் தெச்சுடறீங்களா?"

எங்கே என்று பொத்தானக்கா கேட்டாள். முதுகுப்புறம், நடுவில் என்றார் அவர், போட்டுக்கிறப்போ கேட்கிற மாதிரி. அவள் நோட்டை உள்ளங்கையால் நீவி, சாட்டினுக்குள் விட்டு, நாலு மூலையிலும் நகராமல் தையல் போட்டாள். ஓரத்தை மூடினாள். முடிச்சைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அவர் எழுந்து நின்று போட்டுக்கொண்டு தோளைக் குலுக்கினார். ஒற்றை நோட்டுக்கு எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான் வந்தது. அவர் தலையைச் சாய்த்து இன்னொரு முறை குலுக்கிக் கேட்டார்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். நேரம் இருந்தது, இல்லத்துக்கு நடந்தே போய்விடலாம். கோட்டைச் சும்மா வைக்காதீங்க, வெயில் வந்தால் கடைக்குக் கொண்டு வாங்க, தூசி தட்டித் தருகிறேன் என்றாள். டோக்கனைத்தான் உங்க முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாரே என்றார் அவர். டோக்கன் வேண்டாம், ஆளைத் தெரியும் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள். அவர் கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காலையிலேயே வந்துட்டீங்க. சாப்டீங்களா?"

"ஆச்சுங்க."

வழக்கமாக வருகிற பதில், தானாக வந்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டது. அவள் இறங்கினாள். படி திரும்புகிற இடத்தில் காதில் விழுந்தது என்ன என்பது அவளுக்கு உறைத்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. பையில் அத்தனை பணம் இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே தெருவில் வங்கிக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டே போவது கேட்டது.

பிறகு ஆடுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினாள். கதவைத் தட்டினாள். சரசரவென்று அவர் நடந்து வருவது கேட்டது. கதவு திறந்தது. மேஜை மேல், பணம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நேற்றைய அரை ரொட்டி காகிதத்தில் இருந்தது.

"இல்லீங்க ஐயா" என்றாள். "சாப்பிடல."